அட்டாலிக்கு நாலரை நட்சத்திரம்

டிஸ்சார்ஜ் அன்று ஒரு தாளைக் கையில் கொடுத்து டிக் அடிக்கச் சொன்னார்கள். டாக்டர் எப்படி, நர்ஸ் எப்படி, சாப்பாடு எப்படி, பில் போடுகிறவர் முகம் கொடுத்துப் பேசினாரா. எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். கட்டடம் எப்படி என்று கேட்டு ஒரு கட்டம்கூட இல்லை. வீட்டம்மாவின் முட்டி ஆபரேஷனுக்கு ஏழு நாள் துணைக்கு இருந்ததில் முக்கால்வாசி நேரம் நான் அண்ணாந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளில் இடம் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி பெயரைப் போடலாம் என்றுதான் இருந்தேன். "ஏனுங்க, இடது முட்டிதான ஆயிருக்குது? வலது முட்டிக்கு மறுபடியும் அங்கதான போகோணும்? குத்தங்கொறை எழுதறதுன்னா பேரை உட்டுப்போட்டு எழுதுங்க" என்று வீட்டம்மா சொல்லிவிட்டாள். சேலம் போகிற பைபாஸ் ஓரம், 120 படுக்கை, தரைத்தளத்துக்கு மேல் ஐந்து மாடி. அவ்வளவு போதும்.

நான் டாக்டரும் இல்லை, கட்டட இன்ஜினியரும் இல்லை. பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் 31 வருசம் ஹுமிடிஃபிகேஷன் பிளான்ட் பார்த்தவன். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மெஷின் ஷெட்டில் 55, 60 சதவீதம் ஈரம் நிற்கவேண்டும். அதற்குக் காற்றைத் தண்ணீரில் கழுவி, மேலே இருந்து கொட்டி, மெஷினுக்கு அடியில் தரைக்குள் வெட்டியிருக்கும் ட்ரெஞ்சு வழியாகப் பஞ்சோடு சேர்த்துத் திரும்ப இழுப்போம். அந்த ட்ரெஞ்சைத் தரை போட்ட பிறகு யோசிக்க முடியாது. எங்கள் பழைய ஷெட்டில் கூரையைத் தாங்குகிற வாய்க்கால் பீமையே உள்ளே பொள்ளலாக வார்த்திருந்தார்கள். காற்று அதற்குள்தான் ஓடும். பாரம் தாங்குவதும் அது, காற்றுக்குழாயும் அது. அப்படி ஒரு ஷெட்டில் ஆயுசு கழித்தவன் கண்ணுக்கு, கட்டடம் தனி, குழாய் தனி என்று கட்டுகிற ஆஸ்பத்திரிகள் எல்லாம் முண்டத்தின் மேல் தலையைப் பிறகு ஒட்டவைத்த மாதிரி தெரியும்.

அப்படி ஒன்றில் என் அப்பாவை வைத்திருந்தோம். பத்து வருசத்துக்கு மேல் ஆகிறது. எந்த ஊர் என்பது வேண்டாம். மூன்றாம் நாள் ஐசியூவில் அவர் தலைமாட்டுக்கு நேர் மேலே ஃபால்ஸ் சீலிங் பலகை பழுப்பு நிறமாக ஊறி, வெறும் பிளாஸ்டிக் வாளி ஒன்று கட்டிலுக்கும் மானிட்டருக்கும் நடுவே வந்து உட்கார்ந்தது. மேல்மாடி கக்கூஸ். தளத்தை ஓர் அடி பள்ளமாக இறக்கி, குழாயைப் போட்டு, செங்கல் ஜல்லியால் மூடிவிடுகிற பழக்கம் நம் பக்கம் வீடு, லாட்ஜ், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் உண்டு. உள்ளே மூட்டு விட்டால் அந்தப் பள்ளம் தொட்டியாகி நிறைந்த பிறகுதான் வெளியே தெரியும். பலகையைக் கழற்றினபோது நான் எட்டிப் பார்த்தேன். 4 அங்குலக் குழாய் போவதற்காக பீமின் அடிப்பக்கத்தைக் கொத்தி, இரண்டு கம்பியை அறுத்து வழி விட்டிருந்தார்கள். பீமில் இழுவிசையைத் தாங்குவதே அந்த அடிக்கம்பிதான். அப்பாவை அன்று இரவே வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினேன். சொந்தபந்தமெல்லாம் வைத்தியம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டது. நான் விளக்கவில்லை.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தால் பிசகு எங்கே என்று புரியும். மாடிக்கு மாடி 11 அடி வைத்துக் கட்டுகிறார்கள். பீம் தளத்தோடு சேர்த்து 2 அடி. பீமுக்குக் கீழே 9 அடி. சீலிங்கை எட்டரை அடியில் தொங்கவிட்டால் நடுவே மிச்சம் 6 அங்குலம். ஏசி டக்ட், அதாவது காற்றுக்குழாய், 12 அங்குல உயரம், சுற்றிலும் இன்சுலேஷன் ஓர் அங்குலம், ஆக 14. அது எங்கே நுழையும்? டக்டைத் தப்பையாக நசுக்குவார்கள். காற்று சீட்டி அடிக்கும், ஃபேன் திணறும். கழிவுநீர்க் குழாய் இன்னும் மோசம்: 60 அடிக்கு 1 அடி சரிவு வேண்டும். தண்ணீர் தானாக மேடு ஏறாது.

மில்லில் எங்கள் ஃபிட்டர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த மரியாதை வரிசை ஒன்று உண்டு. சாக்கடைக் குழாய்தான் பெரிய மனுசன். அவன் போகிற வழியில் யாரும் நிற்கக் கூடாது. அடுத்தது டக்ட், உடம்பு பெருத்தவன், திரும்பினால் இடம் கேட்பான். மூணாவது பிரஷரில் ஓடுகிற தண்ணீரும் காஸும். வளைத்து நெளித்துக் கொண்டுபோகலாம். கடைசியில் ஒயர், அது எப்படியும் போய்ச்சேரும். நடைமுறையில் ஒயர்க்காரர்தான் முதலில் வந்து நடு இடத்தைப் பிடித்துக்கொள்கிறார் என்பது வேறு விஷயம்.

இப்போது பைபாஸ் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். வீட்டம்மாவுக்கு மூன்றாம் மாடியில் அறை. முதல் ராத்திரி தூக்கம் வரவில்லை. அவள் குறட்டை, வெளியே லாரி. ஒன்று மட்டும் கேட்கவில்லை: மேல்மாடியில் ஃப்ளஷ் இழுத்தால் சுவருக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம். காலையில் வராந்தாவில் நடந்து பார்த்தேன். ஒவ்வொரு இரண்டு அறைக்கும் நடுவே, வராந்தாப் பக்கம் திறக்கிற ஒரு குறுகலான இரும்புக் கதவு. அதற்குள்தான் குழாய் எல்லாம் நேராக மேலிருந்து கீழே இறங்குகிறது. பழுது பார்க்க வருகிறவன் நோயாளி அறைக்குள் கால் வைக்கவே வேண்டாம். கதவைத் திறந்துபார்க்கக் கைபோன நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார்... நீங்க ஏ பிளான்ட் சாருங்கதானுங்?"

ஐடிஐ முடித்துவிட்டு எங்கள் மில்லில் அப்ரண்டிஸாக இருந்த பையன். இப்போது இங்கே மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். தலைமுடி பாதி போய்விட்டது. எனக்கு அவன் இன்னும் பையன்தான். மூன்றாம் நாள் மேலாளரிடம் கேட்டு, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கி, தலையில் மஞ்சள் ஹெல்மெட் மாட்டிவிட்டு, என்னை இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே அழைத்துப்போனான்.

லிஃப்டில் அந்த மாடிக்குப் பட்டன் கிடையாது. படிக்கட்டில் ஒரு சாதாரணக் கதவு. உள்ளே 7 அடி உயரத்துக்கு ஒரு முழு மாடி, ஆள் யாரும் இல்லை, குழாய் மட்டும்தான் குடியிருக்கிறது. எங்கள் ஊர் வீடுகளில் பானை, அண்டா, உடைந்த தொட்டில் எல்லாம் ஏற்றிவைக்கிற அட்டாலி ஞாபகம் வந்தது. கீழே ஆபரேஷன் தியேட்டர்கள், மேலே எங்கள் வார்டு. வார்டின் கழிவுக்குழாய் எல்லாம் இந்த அட்டாலிக்குள் இறங்கி, ஒன்றுசேர்ந்து, ஓரத்தில் குழாய்கள் கீழே இறங்குகிற ஷாஃப்டுக்குப் போய்விடுகிறது. ஒழுகினாலும் இந்தத் தரையில்தான் விழும். தரைக்கு வாட்டர்ப்ரூஃபிங் போட்டு, சரிவு கொடுத்து, மூலையில் வடிகால் வைத்திருக்கிறார்கள். தியேட்டர் சீலிங்குக்குள் ஈரக்குழாய் என்று ஒன்றுகூட இல்லை.

மகள் கோயமுத்தூரில் இந்த மாதிரி வரைபடம் போடுகிற ஆபீசில்தான் இருக்கிறாள். ராத்திரி போனில் சொன்னேன்.

"அம்மிணி, ஒரு மாடி பூராத்தையும் குழாய்க்கே உட்டுட்டாங்க."

"அது பழைய யோசனைப்பா. அமெரிக்காவுல சால்க் இன்ஸ்டிடியூட் தெரியுமா, போலியோ மருந்து கண்டுபுடிச்ச சால்க் ஆரம்பிச்சது? லூயி கான்ங்கற ஆர்க்கிடெக்ட் கட்டினது, 1965ல முடிஞ்சுது. ஒவ்வொரு லேப் மாடிக்கும் மேல 9 அடிக்கு இப்படி ஒரு மாடி. நம்ம அகமதாபாத் ஐஐஎம் டிசைன் பண்ணினவரும் அவருதான்."

அங்கே அந்த அட்டாலியைத் தாங்குவது, நடுவில் ஆள் நுழைகிற அளவு ஓட்டைகள் விட்ட கான்கிரீட் சட்டங்களாம். ஓட்டை வழியே டக்ட் போகும், சட்டம் பாரத்தைத் தாங்கும், கீழே தூண் இல்லாத ஹால் கிடைக்கும். எங்கள் மில் வாய்க்கால் பீமுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். கனடாவில் ஹாமில்டன் என்ற ஊரில் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியை 1972இல் இதே முறையில் திறந்தார்கள் என்றும் சொன்னாள். அமெரிக்காவில் பழைய ராணுவத்தாருக்கான ஆஸ்பத்திரிகளிலும் செய்தார்களாம். கீழே வார்டு நடந்துகொண்டிருக்கும்போதே மேலே குழாயை மாற்றலாம், அறையை ஸ்கேன் சென்டராக மாற்றலாம் என்பதுதான் காரணம். கட்டடம் 50 வருசம் நிற்கும். உள்ளே மெஷின் பத்து வருசத்துக்கு ஒருமுறை மாறும்.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது பீமில் இருந்த ஓட்டைகள். வட்டமாக, சுத்தமாக, உள்ளே இரும்புக் குழல் வைத்து வார்த்தவை. எல்லாம் பீமின் நடு உயரத்தில், தூணிலிருந்து தள்ளி. தூண் ஓரத்தில்தான் பீமை வெட்டப்பார்க்கிற விசை அதிகம். அங்கே ஓட்டை போடக்கூடாது என்று தெரிந்தவர் போட்டது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னாலேயே எந்தக் குழாய் எந்த ஓட்டையில் என்று முடிவாகியிருக்கிறது. நாலைந்து ஓட்டைகளில் குழாயே இல்லை, மூடி போட்டு வைத்திருக்கிறார்கள்.

"இது எதுக்கு தம்பி?"

"நாளைக்கு வேணுமுங்களே சார்."

31 வருசத்தில் எந்த முதலாளியும் எனக்கு இப்படிக் காலி இடம் விட்டுத் தந்ததில்லை.

தியேட்டருக்கான காற்று மெஷின்களும் இங்கேதான், அந்தந்தத் தியேட்டரின் தலைக்கு மேலேயே. ஸ்பிரிங் காலில் நிற்கின்றன. கை வைத்துப் பார்த்தேன், தரையில் அதிர்வு இல்லை. மூட்டு மாற்றுகிற தியேட்டருக்கு மணிக்கு 20 தடவை காற்று மாறவேண்டும், அதில் 4 தடவை வெளிக்காற்று. 20க்கு 20 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 4,000 கன அடி, மணிக்கு 80,000, நிமிசத்துக்கு 1,333 கன அடி. இன்னொரு வழியிலும் பார்க்கலாம்: மேசைக்கு மேலே 8க்கு 6 அடி பரப்பிலிருந்து காற்று நிமிசத்துக்கு 30 அடி வேகத்தில் மெதுவாக இறங்கவேண்டும். அதுவும் 1,440. ஏறக்குறைய ஒரே கணக்கு வருகிறது பாருங்கள். எங்கள் ஒரு பிளான்ட்டே நிமிசத்துக்கு 60,000 தள்ளும், அதனால் அளவு எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் சுத்தம் வேறு ஜாதி. 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர். அறைக்குள் அழுத்தம் வெளியைவிட 2.5 பாஸ்கல் அதிகம்; கதவைத் திறந்தால் காற்று வெளியேதான் போகும், வராந்தா அழுக்கு உள்ளே வராது. நாங்கள் பஞ்சை வெளியே இழுத்தோம், இவர்கள் கிருமியை வெளியே தள்ளுகிறார்கள்.

மெஷின் தலைக்கு மேலேயே இருப்பதால் டக்ட் நீளம் பத்துப் பதினைந்து அடிதான். மொட்டைமாடியில் வைத்திருந்தால் மூன்று வார்டு மாடிகளைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கும். மொட்டைமாடியை வேறு காரியத்துக்கு விட்டிருக்கிறார்கள்: தண்ணீர்த்தொட்டி. 100 படுக்கைக்கு மேல் போனால் படுக்கைக்கு ஒரு நாளைக்கு 450 லிட்டர் என்பது இந்தியத் தரக்கணக்கு. 120 படுக்கைக்கு 54,000 லிட்டர், அதாவது 54 டன். பாதியை மேலே ஏற்றினாலும் 27 டன். லிஃப்ட் சுவர்களும் நாலு தூணும் சேருகிற இடத்தில் அதை உட்காரவைத்திருக்கிறார்கள். வெயிலில் காய்கிற கருப்பு சின்டெக்ஸ் தொட்டிகளை வெறும் தளத்தின் மேல் வரிசையாக அடுக்கியிருக்கும் நர்சிங் ஹோம்களை அவிநாசியிலிருந்து பவானி வரைக்கும் எண்ணிக்கொண்டே போகலாம்.

ஒரு விஷயம் எனக்கே புதிது. அட்டாலியில் தொங்குகிற குழாய்களுக்கு நேர் கம்பி போக, பக்கவாட்டில் சாய்வாகவும் கம்பி கட்டியிருந்தது. கட்டடத்தின் இரண்டு பாதிகள் சேருகிற இடைவெளியில் குழாய்க்குப் பதில் பின்னல் போட்ட வளைகிற துண்டு.

"பூகம்பத்துக்குங்க சார்" என்றான்.

"நம்மூர்லயா?" என்று சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக்கூடாது. 1900ஆம் வருசம் பிப்ரவரி 8ஆம் தேதி கோயமுத்தூர்ப் பக்கம் சுமார் 6 ரிக்டர் அளவில் ஆட்டியிருக்கிறது. மகள்தான் சொன்னாள். ஆஸ்பத்திரி என்றால் சாதாரண வீட்டைப்போல ஒன்றரை மடங்கு பூகம்ப விசைக்குக் கணக்குப் போடவேண்டும் என்பது விதியாம். கூடவே ஒரு கதை. கலிஃபோர்னியாவில் ஆலிவ் வியூ என்று ஓர் ஆஸ்பத்திரி. 1971 பூகம்பத்தில் புதுக் கட்டடமே சிதைந்தது. பிறகு இரும்பும் கான்கிரீட்டுமாக அசைக்க முடியாதபடி திரும்பக் கட்டினார்கள். 1994இல் மறுபடி பூகம்பம். கட்டடம் கம்பீரமாக நின்றது. ஆனால் உள்ளே தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரிங்க்ளர் குழாயும் குளிர்நீர்க் குழாயும் உடைந்து வெள்ளம். நோயாளிகளை வெளியேற்றவேண்டி வந்தது. எலும்பு முறியவில்லை, நரம்பு அறுந்துவிட்டது. முட்டி ஆபரேஷனுக்குப் போன இடத்தில் இதைக் கேட்டது பொருத்தம்தான்.

ஆக்சிஜன் தொட்டி பின்பக்கம், எங்கள் பாஷையில் பொடக்காலியில், வேலி போட்டுத் தனி அஸ்திவாரத்தில் நிற்கிறது. மைனஸ் 183 டிகிரியில் திரவமாக இருப்பது. 1 லிட்டர் விரிந்தால் 860 லிட்டர் வாயு. சுற்றிலும் கான்கிரீட் தரை. பார்க்கிங் முழுக்கத் தார் போட்டவர்கள் அங்கே மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். திரவ ஆக்சிஜன் தார்மேல் சிந்தினால் ஒரு தட்டு தட்டினாலே வெடிக்கும். அங்கிருந்து தாமிரக் குழாய், மூட்டுகளை வெள்ளிப் பற்றுவைத்து, பற்றுவைக்கும்போது உள்ளே நைட்ரஜன் ஓடவிட்டுச் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் உள்ளே கருப்புப் பொடி படிந்து அது நோயாளி மூச்சில் போகும். ஒவ்வொரு வார்டு வாசலிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் தனி வால்வு.

இனி குறைகள். அரை நட்சத்திரம் எங்கே போனது என்று கேட்பீர்களே.

சுடுதண்ணி. காலையில் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாக வரவே நாலு நிமிசம். ஹீட்டர் மொட்டைமாடியில், எங்கள் அறை வராந்தாவின் கடைசியில். நடுவே குழாயில் ராத்திரி முழுக்கத் தேங்கிய தண்ணீர். வீணாவது இருக்கட்டும், அரைச் சூட்டில் தேங்கிய தண்ணீரில்தான் லெஜியோனெல்லா என்கிற கிருமி வளரும், ஆஸ்பத்திரியில் அது விளையாட்டுக் காரியமில்லை. சுடுதண்ணி சுற்றிவந்து ஹீட்டருக்கே திரும்புகிற மாதிரி ஒரு ரிட்டர்ன் லைன் போட்டால் தீரும். இவ்வளவு யோசித்தவர்கள் இதை எப்படி விட்டார்களோ.

அடுத்தது, எங்கள் அறை ஏசியின் ஃபில்டர் கழற்றுகிற மூடி. சரியாகக் கட்டிலுக்கு மேலே வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் துப்புரவுக்கு வந்தபோது கட்டிலைத் தள்ளவேண்டியிருந்தது. தையல் போட்ட முட்டியோடு வீட்டம்மா கொடுத்த சாபத்தை எழுத முடியாது. அட்டாலியில் காட்டிய கரிசனத்தைச் சொந்த அறைகளில் காட்டவில்லை.

மூன்றாவது பெரிது, பையனிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். ஷாஃப்டில் புதிதாக இழுத்த சிசிடிவி ஒயருக்காக நாலாம் மாடித் தளத்தில் ஓர் ஓட்டை போட்டு, அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். மற்ற ஓட்டைகளை எல்லாம் தீத்தடுப்புப் பசையால் அடைத்திருப்பதால் இது கண்ணில் குத்துகிறது. 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஓர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் பிடித்த தீ மேல்மாடிகளுக்கு வரவேயில்லை, புகைதான் வந்தது. சுமார் 90 பேர் போனார்கள், பெரும்பாலும் மூச்சு முட்டி. கைநுழைகிற ஓட்டை புகைக்கு ராஜபாட்டை. மறுநாள் காலை என் கண் முன்னாலேயே அடைத்தார்கள்.

கேன்டீனில் அரிசிம்பருப்பு சாதம் நன்றாக இருந்தது, காபி வேண்டாம். பார்க்க வருகிற ஒறம்பரைக்கு உட்கார இடம் போதவில்லை. கார் நிறுத்த வசதி உண்டு.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: பக்கத்து ஊரில் இதே முட்டிக்குக் கொஞ்சம் குறைவாகச் சொன்னார்கள். அங்கே போய் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தபோது சீலிங்கில் மூன்று பழுப்பு வட்டம் எண்ணினேன். எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டம்மா இப்போது கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறாள். வலது முட்டிக்கு மாசி மாசம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கிளம்பும்போது பையன் பைகளைக் காரில் ஏற்றிவிட்டு, "அதுக்குள்ள ரிட்டர்ன் லைன் போட்டிருவமுங்க சார்" என்றான். மாசியில் வாட்சோடு போகிறேன். எத்தனை நிமிசம் என்று இதே இடத்தில் எழுதுகிறேன்.